பத்தாவது கோடு

எனக்கு எலி என்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி தைத்துப் பிழைக்கிறவள் நான். ஒரு வருஷம் கல்யாணக் கோட்டு ஒன்றின் முதுகில் எலி வாய் வைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் என் வாசலில் நின்று பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எலியைக் கண்டால் கையில் எது இருக்கிறதோ அதை எறிவேன். ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியையே எறிந்தேன். எலி தப்பித்துவிட்டது. தரையில் ஒரு டைல்ஸ்தான் உடைந்தது.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, எதிர்வீட்டு லிப்ட்காரர் தன் எலிக்கு மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர் கதவும் என் கதவும் எதிரெதிர். லிப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். எங்கள் கட்டடத்து லிப்ட் ஓடி நாலு வருஷம் ஆகிறது. கட்டடச் சொந்தக்காரருக்கும் லிப்ட் கம்பெனிக்கும் ஒத்துவரவில்லை; கம்பெனி சொல்லாமல் இவர் கை வைக்கக் கூடாதாம். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற மனுஷன் தன் வீட்டுக்கு ஐம்பத்து நாலு படி ஏறித்தான் வருவார். "ஏன் தம்பி, ராத்திரியோட ராத்திரியா ஒரு கம்பியை முறுக்கி விடக்கூடாதா? என் முட்டி உன்னை வாழ்த்தும்" என்று நான் கேட்டிருக்கிறேன். "கையெழுத்து இல்லாம தொடக்கூடாதுக்கா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாய் இருந்தது சாப்பிட மட்டும்தான்.

வயது நாற்பது இருக்கும். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது. கூட வேலை பார்த்த ஒருத்தன் பிரேக்கில் ஒரு ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, மாற்றினேன் என்று சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டான். பழைய ஸ்பிரிங் இருக்கிற நம்பிக்கையில் இவர் கையை விட்டார். கம்பெனி விசாரித்தபோது அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான்தான் சரியாப் பாக்கல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவனுக்கு மூன்று பிள்ளைகளாம். "உனக்கு ஒண்ணு இருக்கே, அது நெனப்பு வரலையா?" என்று இவர் மனைவி கேட்டது இரண்டு சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. இவர் பதில் சொன்னது கேட்கவில்லை. சொல்லியிருக்க மாட்டார்.

மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பார். எங்கெங்கோ புதுக் கட்டடங்களில் கயிறு இழுத்துக்கொண்டிருப்பார். மனைவிக்கு அது பொறுக்கவில்லை. "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் மேல ஏத்தி விடுறே. நாங்க இங்கயே கெடக்கோம்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை பிள்ளை அப்பாவோடு இருக்கலாம் என்று தீர்ப்பானது. அப்போது அதற்கு ஒன்பது வயது.

முதல் சில மாதங்கள் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும். இவர் எதிரில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மணிக்கே "போலாமா?" என்று கேட்குமாம். ஒருநாள் வெளியே கூட்டிப் போனபோது பிராணிக் கடை வாசலில் அது நின்றுவிட்டது. வெள்ளை உடம்பு, தலையிலும் தோளிலும் மட்டும் கருப்பு, விரலளவு எலிக்குஞ்சு ஒன்று. பாம்புக்குத் தீனியாக வைத்திருந்த கூண்டில் இருந்ததாம். பிள்ளை நகரவில்லை. இவர் வாங்கிக் கொடுத்தார்.

பிள்ளை அதற்கு 'மேனேஜர்' என்று பேர் வைத்தது. இரண்டு காலில் நின்றுகொண்டு, கையைக் கையைப் பிசைந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் பார்க்கும். பேர் பொருத்தம்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது. ஒன்பதரைக்கே படியில் தடதடவென்று காலடி கேட்கும். அட்டைப் பெட்டியில் மேனேஜருக்கு ஆபீஸ் கட்டுவார்கள். அப்பனும் மகளும் நூலும் உருளையும் வைத்து ஒரு சின்ன லிப்ட் செய்தார்கள். எங்கள் கட்டடத்திலேயே ஓடின ஒரே லிப்ட் அதுதான். மேனேஜர் அதில் ஏறி அலமாரியின் இரண்டாவது தட்டுக்குப் போகும்.

ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார், அதுவும் கேட்காமல். "அது என்னைப் பாக்க வரலக்கா. மேனேஜரைப் பாக்க வருது. வரட்டும். வந்தாப் போதும்."

பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்தது. இனி வருவதும் வராததும் அதன் இஷ்டம் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறதாம். அதே மாதத்தில்தான் மேனேஜருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. பிராணி டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சு பலவீனம், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். நீரை இறக்க ஒரு மருந்து. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும். ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் பத்தாவது கோடுவரை உறிஞ்சி வாயோரமாக விட வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தால் மூன்று மாதம், நாலு மாதம் ஓடும். அளவு கூடினால் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வற்றிப்போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். லிப்ட்காரர் அந்த நாலு மாதத்தைப் பெரிய சொத்து மாதிரி வைத்திருந்தார். "அதுக்குள்ள பிள்ளை என்கிட்ட கொஞ்சம் பழகிடும்" என்றார். மூன்று வருஷமாகப் பழகாததா நாலு மாசத்தில் பழகப்போகிறது என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வெளியூர் வேலை வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் நின்றுவிட்டது. நோயாளிகளைப் படியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை வெளியூர் வேலைக்குப் போகமாட்டேன் என்று இவர் சொல்லியாயிற்று. மூன்றாவது தடவை சொன்னால் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான். திங்கள் போனால் வெள்ளி திரும்பலாம். எலியைத் தன்னோடு எடுத்துப் போக முடியாது. தங்குகிற இடம் ஒரு தகரக் கொட்டகை. டாக்டரிடம் கேட்டால் நாய், பூனை மட்டும்தான் வைத்துக்கொள்வார்களாம். பிராணிக் கடையில் வைத்துக்கொள்வார்கள், ஆனால் பக்கத்துக் கூண்டில் பாம்பு.

"அக்கா, ஒரு உதவி" என்று ஆரம்பித்தார்.

விஷயத்தைக் கேட்டதும் நான் குதித்தேன். "எலிக்கா? நானா? உனக்கு வேற ஆளே கெடைக்கலையா? அந்தக் கோட்டுக் கதை உனக்குத் தெரியும்ல?"

உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர் வேறு சேர்ந்துகொண்டார். "எலி மருந்துன்னா கேள்விப்பட்டிருக்கேன். எலிக்கு மருந்து இப்பதான்யா கேள்விப்படுறேன்!" அவருக்குச் சர்க்கரை. பத்து வருஷமாக நான்தான் காலையும் மாலையும் ஊசி போடுகிறேன். வாய் மட்டும் குறையவில்லை.

லிப்ட்காரர் சிரிக்கவில்லை. "ஊசி பிடிச்ச கை உங்களுதுதான்க்கா. இந்தக் கட்டடத்துல வேற யாருக்கும் கோடு பாத்து மருந்து எடுக்கத் தெரியாது" என்றார். மனுஷனுக்கு எங்கே தொட்டால் நான் அசைவேன் என்று தெரிந்திருக்கிறது. அதோடு அந்தப் பிள்ளை முகமும் நினைவுக்கு வந்தது. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிறு மாலை என்னை வைத்துப் பாடம் நடத்தினார். அவர்கள் தொழிலில் பொறுப்பை வாங்குகிறவர் ஒப்படைக்கிறவர் கண்முன்னே செய்து காட்ட வேண்டுமாம். வெறும் தண்ணீரை வைத்து நாலு தடவை உறிஞ்சிக் காட்டினேன். சிரிஞ்சில் பத்தாவது கோட்டுக்கு நேரே சிவப்பு மையால் ஒரு அடையாளம் போட்டிருந்தார். எலியைத் துண்டில் சுற்றிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே பிடித்தேன். சூடாக, எடையே இல்லாமல், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு இருந்தது. என் கையை நக்கியது. சனியனே என்றேன், ஆனால் விடவில்லை.

கடைசியாகக் கூண்டின் மேல் ஒரு சிவப்புத் தகடு மாட்டினார். லிப்ட் குழிக்குள் ஆள் இருக்கும்போது மெயின் சுவிட்சில் மாட்டுகிற தகடு: 'என்னைக் கேட்காமல் தொடாதே.' பிறகு விரல் இல்லாத கையை மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னார். "ஒண்ணே ஒண்ணுக்கா. எது மாறினாலும் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லிடுங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல. மாத்தறது தப்பில்ல. மாத்திட்டு சொல்லாம இருக்கிறதுதான் தப்பு."

"ஆமாமா, எனக்கு எல்லாம் தெரியும், நீ கெளம்பு" என்றேன்.

திங்கள் நன்றாகப் போனது. செவ்வாய் காலையும் கொடுத்தேன். அப்புறம்தான் என் சுத்தம் என்னைப் பிடித்தது. எலி வாயில் வைத்ததை வெறும் தண்ணீரில் கழுவினால் போதுமா என்று தோன்றியது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சிரிஞ்சைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். யாரோ பேன்ட்டைச் சுருக்க வேண்டும் என்று வந்தார்கள். பேச்சில் அடுப்பை மறந்துவிட்டேன். வந்து பார்த்தால் சிரிஞ்சு வளைந்துபோய்க் கிடக்கிறது. சிவப்பு மை போய்விட்டது. உள்ளே தண்டு இறுகிக்கொண்டுவிட்டது, இழுத்தால் வரவில்லை.

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரியும் என்று சொன்ன வாய் இது. போயும் போயும் ஒரு சிரிஞ்சை வேகவைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அலமாரிமேல் வீட்டுக்காரருக்கான இன்சுலின் சிரிஞ்சு ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஒன்றை எடுத்து ஊசியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அதே பருமன், அதே நீளம். கோடும் இருந்தது. பத்தாவது கோடுவரை எண்ணி உறிஞ்சினேன். அன்று மாலை மேனேஜருக்கு அதில்தான் கொடுத்தேன்.

புதன்கிழமை மூச்சு இரைப்பு நின்றுவிட்டது. சத்தமே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் அவர் போன் செய்தபோது, "தம்பி, உன் மேனேஜர் இப்ப நல்லா மூச்சு விடுறாரு. கைராசி யாருதுன்னு நெனச்சே?" என்றேன். தண்ணீர் புட்டி இரண்டு தடவை காலியானதையும், கூண்டுக் காகிதமெல்லாம் நனைந்து கிடந்ததையும் நான் சொல்லவில்லை. அதெல்லாம் ஒரு விஷயமா என்று இருந்துவிட்டேன்.

வியாழன் காலை அது மூலையில் சுருண்டு கிடந்தது. துண்டில் எடுத்தபோது தோல் தளர்ந்து, கிள்ளின இடம் கிள்ளினபடியே நின்றது. கண் உள்ளே போயிருந்தது. வாழைப்பழத்தை மூக்கருகே வைத்தும் திரும்பவில்லை. மருந்தைக் கொடுத்தேன். மாலை அவர் போன் செய்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன்.

 போனில் அவருக்குப் பின்னால் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அளவு சரியாத்தானே குடுக்கறீங்க?"

"பத்துக் கோடு. எண்ணித்தான் எடுக்கறேன்."

"சிரிஞ்சு அதேதானே?"

"அதேதான்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். அளவு சரியாக இருந்தால் வியாதிதான் முற்றுகிறது, மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொன்னாராம். "குடுத்துடுங்கக்கா. நாளைக்கு வந்துடறேன்" என்றார். கொடுத்தேன். விழுங்கவே அதற்குத் தெம்பில்லை. துளித்துளியாக விட்டேன், தொண்டையைத் தடவி இறக்கினேன். அத்தனை பொறுமையாக.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் கூண்டைத் திறந்தபோது விறைத்துக் கிடந்தது. கை இரண்டும் நெஞ்சுக்கு முன்னால், பிசைகிற மாதிரியே.

நான் அழுதேன். எலிக்கு அழுதேன், சிரிக்காதீர்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்காரருக்கு ஊசி போட உட்கார்ந்தேன். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்தபோது என்னமோ உறுத்தியது. குப்பைக்கூடையைக் கிளறி வளைந்த சிரிஞ்சை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே நீளம். வளைந்ததில் நூறு கோடு. இந்த இன்சுலின் சிரிஞ்சில் நாற்பது. அதில் பத்தாவது கோடு அடியிலேயே வந்துவிடுகிறது. இதில் பத்தாவது கோடு கால்வாசியில் நிற்கிறது. இரண்டரைப் பங்கு மருந்து. ஐந்து வேளை.

என் கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். என்னிடம் வேலை பழக வந்த பெண்கள் பக்கம் மாற்றி அளந்தால் தலையில் குட்டியிருக்கிறேன். "கோட்டை எண்ணாதேடி, எந்தப் பக்கத்துக் கோடுன்னு பாரு" என்று முப்பது வருஷமாகக் கத்துகிறவள் நான்.

அப்போதாவது யோக்கியமாக இருந்தேனா? இல்லை. வளைந்த சிரிஞ்சை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் காட்டி, முடிந்தவரை நிமிர்த்தி, கூண்டருகே கிண்ணத்தில் பழையபடி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அன்று மாலை அவர் வந்தார். மேனேஜரை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு எழுந்து கூண்டின் மேலிருந்த தகட்டைக் கழற்றினார். கிண்ணத்திலிருந்த சிரிஞ்சைக் கையில் எடுத்தார். தண்டை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக என் வீட்டு அலமாரியைப் பார்த்தார். மேலே இருந்த இன்சுலின் பெட்டியில் அவர் கண் நின்றது. நாள் முழுக்க எது எங்கே பழுது என்று பார்த்துப் பிழைக்கிற கண். பிறகு சிரிஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சிரமப்பட்டுட்டீங்கக்கா" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பிள்ளை வருகிற ஞாயிறு. ஒன்பதரைக்கே காலடி கேட்டது. நான் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கதவு திறந்தேதான் இருந்தது. முதலில் ஒரு அழுகை. அப்புறம் பிள்ளையின் குரல்.

"எப்படிச் செத்துச்சு? டாக்டர் நாலு மாசம்னு சொன்னார்ல?"

"மருந்து அளவு தப்பாயிடுச்சுடா."

"யார் தப்பாக் குடுத்தாங்க? அந்த ஆன்ட்டியா?"

நான் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லடா. அவங்க நான் சொன்னபடிதான் குடுத்தாங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் பிள்ளை சொன்னது. கத்தக்கூட இல்லை. "அம்மா சொல்றது சரிதான். உனக்கு எப்பவும் வேலைதான் முக்கியம்."

பத்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. என் வாசலில் நின்றது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "ஆன்ட்டி, மேனேஜர் ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "இல்லம்மா. தூங்கினமாதிரியே போயிடுச்சு."

தலையாட்டிவிட்டு இறங்கியது. ஐம்பத்து நாலு படியும் எனக்குக் கேட்டது. இந்தத் தடவை தடதடப்பு இல்லை.

அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. மூன்றாவது முறையும் வராத ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். "தம்பி, நான்தான். சிரிஞ்சை மாத்தினேன். உன்கிட்ட பொய் சொன்னேன். உனக்கும் தெரியும். நான் அந்தப் பிள்ளைகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். என்னை விடு."

அவர் அந்த அட்டை ஆபீசுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நூல் லிப்ட் இரண்டாவது தட்டிலேயே நின்றிருந்தது.

"வேணாங்க்கா. நான் அதுகிட்ட பொய் சொன்னேன்னு அப்ப தெரிஞ்சிடும். தப்புப் பண்ணின அப்பாவைக்கூட ஒருநாள் மன்னிக்கும். பொய் சொன்னவனை மன்னிக்குமா?" பிறகு எதையோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி சொன்னார். "அதோட, நான் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. ஸ்பேர் சிரிஞ்சு ஒண்ணு வெச்சிட்டுப் போயிருக்கணும். எந்த வேலைக்குப் போனாலும் ஸ்பேர் இல்லாம போக மாட்டேன். அதை நான்தான் பாக்கல."

என் மனசு ஆற வேண்டுமென்று சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அடப் பாவி மனுஷா, ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவர் எந்த ஊரில் வேலையாக இருந்தாலும் வந்துவிடுகிறார். ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து வைக்கிறார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் படியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பால்காரர் ஏறுகிறார், மேல்மாடிக்காரர் இறங்குகிறார். ஐந்து மணி ஆனதும் அவர் எழுந்து கதவைச் சாத்துகிறார்.